குதிரையில் வந்து தங்கிவிட்டவர்

என் வாய் ஓயாத அப்பாவுக்கு,

மேலே போன பிறகாவது கொஞ்சம் பேச்சைக் குறைத்திருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். இந்நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவி யாரையாவது பிடித்துவைத்து, எங்க முப்பாட்டன் நல்லண்ணன் இருக்காரே என்று ஆரம்பித்திருப்பீர்கள். இங்கேயாவது பஸ் வந்துவிட்டது, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துப் போவார்கள். அங்கே அந்த வழியும் இல்லை. பாவம்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா சௌக்கியம். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, அடுத்த கண்ணுக்குப் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த கண்ணால் பார்த்துவிட்டு, நான் இத்தனை நாளும் வீட்டை எவ்வளவு அழுக்காக வைத்திருந்தேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் சாய்வு நாற்காலியில் பூனை படுக்கிறது. விரட்டினால் உங்களைப் போலவே முறைக்கிறது. கோழிப்பண்ணையில் மூன்றாவது கொட்டகைக்கு ஓடு மாற்றியாயிற்று. முட்டை விலையைப் பற்றிப் பேச வேண்டாம், உங்களுக்கு ரத்த அழுத்தம் வந்துவிடும், இப்போது வந்து என்ன ஆகப்போகிறது என்றாலும்.

நான் எழுத வந்தது குதிரையைப் பற்றி.

உங்கள் கதை எனக்கு மனப்பாடம். ஒரு சாயங்கால வேளை, கிழக்கே எருமப்பட்டிப் பக்கமிருந்து நல்லண்ணன் வெள்ளைக் குதிரையில் நம் ஊருக்கு வந்தார். தலையில் உருமால் கட்டு, கையில் கத்தி, முன்னால் மேளமும் கொம்பும். ஊரே எல்லை வரைக்கும் போய் எதிர்கொண்டு, மாலை போட்டு, ஆரத்தி சுற்றி அழைத்துவந்தது. திரும்பிப் போக விடாமல் நிலம் நீச்செல்லாம் கொடுத்து இங்கேயே இருத்திக்கொண்டது. "படைத்தளபதி சாமி, படைத்தளபதி" என்று முடிப்பீர்கள். யாருடைய படை என்பது மட்டும் அந்த வாரம் டிவியில் நீங்கள் என்ன பார்த்தீர்களோ அதைப் பொறுத்தது. ஒரு வாரம் மைசூர்ப் படை. ஒரு வாரம் மதுரைப் படை. ஒருமுறை, வெள்ளைக்காரனே பயந்துபோய் அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டதாகக்கூடச் சொன்னீர்கள். நாற்காலியை உங்கள் கையாலேயே இழுத்துப் போட்டும் காட்டினீர்கள்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிலிருந்து போர்வெல் போட வந்த ரிக் வண்டிக்காரர்கள் வரை யாரையும் நீங்கள் விட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையே விடவில்லையே. நல்லண்ணன் ஊர் எல்லையைத் தொடுவதற்குள் பஜ்ஜி ஆறிப்போயிற்று. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றுகொண்டே கடைசி வரைக்கும் கேட்டார். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அவரைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது, அப்பா. ஒற்றை மகள், வெளியே அனுப்ப மாட்டேன், மாப்பிள்ளைதான் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொன்னது நீங்கள். ராசிபுரம் பக்கத்திலிருந்து அவர் ஒரு பெட்டியோடு வந்தார். வந்த நாளிலிருந்து நீங்கள் அவரை யாருக்காவது அறிமுகம் செய்தால், "இவரு நம்மூட்ல இருக்கறவரு" என்பீர்கள். என் மாப்பிள்ளை என்று ஒரு நாள் உங்கள் வாயில் வந்ததில்லை. வாடகைக்கு இருப்பவர் என்று நினைத்து, மாசம் எவ்வளவு தருகிறார் என்று உங்களிடமே ஒருவர் கேட்டதை நீங்கள் இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் அதே கதைதான். உங்களுக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து, பையனா என்று நர்ஸ் கேட்டார். சோப்பு நுரைக்குள்ளிருந்து, "ஊட்ல இருக்கறவரு" என்றீர்கள். ஆனால் அவர் மருந்து வாங்கக் கீழே போனதும் என்னைக் கூப்பிட்டு, "மாப்பள சாப்ட்டாரா?" என்று கேட்டீர்கள். அவர் மேலே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இருக்கட்டும். குதிரைக்கு வருகிறேன்.

நீங்கள் யாரையும் கேட்காமல், சேலத்துக்குப் பக்கத்தில் கோயில் சிலை செய்கிற ஒருவரிடம் நல்லண்ணனுக்குச் சிலை சொல்லிவிட்டு வந்தீர்கள். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாசலில் அவர் நிற்க வேண்டும், குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியிருக்க வேண்டும், மீசை ரோட்டிலிருந்தே தெரிய வேண்டும். சொன்ன கையோடு ஆடியில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. சிலைக்காரர் துக்கம் கேட்க வந்தார். எழவு வீட்டில் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், செருப்பு மாட்டும்போது தாங்க முடியாமல், குதிரைக்கு வால் மேலே இருக்கட்டுமா கீழே இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கும்பாபிஷேகம் பேச, கோயில் வேம்படியில் பங்காளிகள் கூடினோம். நான் சிலைப் பேச்சை எடுத்ததும் பொன்னுசாமி சித்தப்பா தொண்டையைச் செருமினார். உங்களோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்து, பிறகு ஒரு வரப்புக்காக உங்களோடு பேச்சை விட்டவர். ஆனால் உங்கள் பாடையைத் தூக்கும்போது முன் கொம்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். அவர் செருமினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாததா?

முதலாவதாக, தளபதி என்று எழுதிவைக்க ஆதாரம் கேட்டார். நாளைக்கு யாராவது கேட்டால் நாம்தான் விழிக்க வேண்டும் என்றார். அது நியாயம்தான், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இரண்டாவது, பரிவட்டம். கோயில் திருவிழா நோம்பியன்று பூசாரி முதல் பரிவட்டத் துணியை மூத்த வீட்டு ஆளின் தலையில் கட்டுவார். அது நல்லண்ணன் காலத்திலிருந்து நம் வீட்டு முறை, நீங்கள் போன வருஷம் வரை கட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணனோட அந்த முறை முடிஞ்சுது சாமி. பொம்பளைப் புள்ளையோட நின்னுபோன ஊடு. ஊட்டோட மாப்பளைக்குப் பரிவட்டம் கட்டற பழக்கம் நம்ம கோயல்ல இல்ல. அடுத்த ஊட்டுக்கு வரட்டும்" என்றார் சித்தப்பா.

அடுத்த வீடு அவருடைய வீடு என்பதை அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றார். வேப்பமரத்தில் ஏதோ குருவி கூடு கட்டுவதைப் பார்ப்பவர் போல அண்ணாந்து நின்றார். மரத்தில் ஒன்றுமில்லை, நானும் பார்த்தேன். எனக்கு அந்தத் துணி பெரிதில்லை, அப்பா. இந்த மனுஷன் உங்களுக்கு மலம் அள்ளினார். பத்து ஊருக்கு முன்னால் அவரை வாடகைக்கு இருப்பவராகவே நிறுத்திவிட்டார்களே என்று பொறுக்கவில்லை. நல்லண்ணன் யாரென்று ஆதாரத்தோடு வருகிறேன், அதுவரை சிலையையும் பரிவட்டத்தையும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தை வரைக்கும் பார்ப்போம் என்று கலைந்தார்கள். நல்லண்ணன் மெய்யாகவே பெரிய தளபதி என்று காட்டிவிட்டால், அவருடைய மூத்த மகன் வழி வந்த நம் வீட்டு முறைமேல் யாரும் கை வைக்க முடியாது என்பது என் கணக்கு. உங்கள் மகள்தானே, வாயை விட்டுவிட்டு அப்புறம்தான் யோசிப்பேன்.

முதலில் உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள், சாவி நீங்கள் ஒளித்துவைத்ததாக நினைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே விற்றுப்போன லாரியின் பர்மிட், ஒரு துண்டு விரலி மஞ்சள், கணக்கில் நான் கோட்டைவிட்ட வருஷத்து மார்க் அட்டை, அடியில் சிவப்புத் துணியில் கட்டிய பத்திரங்கள். மேலே இருந்தவை புரிந்தன. ஆக அடியில் இருந்தது பழுப்பேறி, எழுத்துக்குப் புள்ளியும் இல்லாமல் சொல்லுக்கு இடைவெளியும் இல்லாமல் எறும்பு வரிசை போல ஓடியது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அந்தக் காலத்து ஜனத்தொகைக் கணக்கில் வீடு வீடாக எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். உங்கள் மாப்பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன். பழைய காகிதங்கள் வைத்திருக்கிற இடத்தில் ஒரு அம்மா இருந்தார், நல்ல மாதிரி. பெயர் நல்லண்ணன், தொழில் தளபதி என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு உட்காரச் சொன்னார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு எழுதியதை யாரும் எடுத்துவைக்கவில்லையாம். கூட்டிப் போட்ட தொகை மட்டும்தான் புத்தகமாக அச்சில் இருக்கிறதாம்.

"ஆண்கள்னு போட்டிருக்கு பாருங்க, அதுல ஒருத்தரா உங்க தாத்தா இருப்பாரும்மா" என்று ஒரு எண்ணைக் காட்டினார்.

நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே ரகளை பண்ணியிருப்பீர்கள். எம் முப்பாட்டனை ஒண்ணுன்னு எண்ணுனவன் எவன்டா என்று கேட்டிருப்பீர்கள். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்கேயோ ஒரு மீசை இருக்கிறது, எப்படித் தேடுவது?

அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போல. நம் ஊர் பெயர் வருகிற இன்னொரு பழைய கணக்கை எடுத்துக் கொடுத்தார். அதில் ஆடு மாடெல்லாம் எழுதியிருந்தது. உழவு மாடு இருந்தது, எருமை இருந்தது, வெள்ளாடும் செம்மறியும் இருந்தன. குதிரை என்ற கட்டத்தில் ஒரு சுழி, வெறும் பூஜ்யம். கழுதை என்ற கட்டத்தில் சுழி இல்லை. அந்தப் பக்கத்தை நான் பட்டென்று மூடிவிட்டேன். சித்தப்பாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழாத குறைதான். உங்கள் மாப்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எண்ண வந்த அன்னைக்கு அந்தக் குதிரை மேயப் போயிருக்கும், உடு" என்றார். சிரிக்காமல் சொன்னார். நான்தான் டீயைச் சேலையில் சிந்திக்கொண்டேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் சிலைக்காரர் போன் செய்தார். இந்தக் காலத்தில் உருமால் கட்டு யாருக்கும் சரியாகக் கட்டத் தெரியவில்லை, பார்த்துச் செய்ய ஒரு படம் வேண்டும் என்றார். நம் வீட்டில் உருமால் கட்டோடு இருக்கும் ஒரே படம் எது? என் கல்யாணப் படம்தான். மற்றவர்கள் காரில் மாப்பிள்ளை அழைக்கிற காலத்தில், பழக்கத்தை விடக் கூடாது என்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் விசாரித்து ஒரு குதிரையைப் பிடித்துவந்தீர்களே, அந்தப் படம். முன்னால் மேளம், எவனோ வெடி வைக்க, குதிரை மிரள, மாப்பிள்ளை ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் குதிரையின் பிடரியுமாகக் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற படம். வேறு வழியில்லாமல் அதை போனில் அனுப்பினேன்.

மறுநாள் முட்டை வண்டி போன பிறகு, நானும் உங்கள் மாப்பிள்ளையும் அந்தப் பழுப்புப் பத்திரத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தோம். கோழி மருந்துப் புட்டியில் இருக்கும் பொடி எழுத்தையே படிக்கிறவர் அவர். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பிரித்தார். காளியண்ணன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தது. எல்லையெல்லாம் வந்தது, கிணறு வந்தது, புளியமரம் வந்தது. "எனக்கு ஆண் சந்ததி இல்லாதபடியால்" என்று படித்தார். அப்புறம் விரல் மட்டும் கொஞ்ச தூரம் நகர்ந்தது, வாய் நகரவில்லை. எழுத்து அழிந்துபோயிருக்கிறது என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு, கோழிக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார்.

காளியண்ணன் யாரென்றே எனக்குத் தெரியாது. யாரோ நிலம் விற்றவர் போல என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சிலைக்காரர் தாளில் வரைந்த படத்தைக் கொடுத்தனுப்பினார். உண்மையிலேயே அருமையாக இருந்தது, அப்பா. நீங்கள் கேட்ட மீசை, தூக்கிய முன்னங்கால், உருமால், கத்தி, உருட்டிய கண். வீரம் சொட்டியது. அம்மாவிடம் காட்டினேன். புரை எடுத்த கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"மாப்பளைய எதுக்குச் சாமி சிலை வெக்கறீங்க?" என்றாள்.

இது நல்லண்ணன் அம்மா, படைத்தளபதி என்றேன்.

"நல்லண்ணனோ யாரோ. உருமாலு கட்டி, கத்தி புடிச்சு, குதிரை மேல, முன்னால மேளத்தோட வாரவன் கல்யாண மாப்பளை. ஆரத்தி வேற சுத்துனாங்கன்னு உங்கப்பன் சொல்லுவாரே." படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பொண்ணு எங்க?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் அந்தக் கதையை அவளும்தான் கேட்டாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், உங்கப்பன் யாரைப் பேச விட்டார் என்கிறாள்.

ஆண் சந்ததி இல்லை என்று பாதியில் நின்ற வரி நினைவுக்கு வர, ஓடிப்போய்ப் பத்திரத்தைப் பிரித்தேன். உங்கள் மாப்பிள்ளை நிறுத்திய இடத்தைக் கண்டுபிடித்தேன். எழுத்து அழியவே இல்லை. பத்திரத்திலேயே மற்ற இடத்தைவிட அந்த வரிதான் தெளிவாக இருந்தது. எனக்கு ஆண் சந்ததி இல்லாதபடியால், என் ஏகபுத்திரி பாவாயியை எருமப்பட்டியிலிருக்கும் நல்லண்ணனுக்கு விவாகம் செய்துகொடுத்து, மேற்படியானை என் வீட்டோடு வைத்துக்கொண்டபடியால், இந்த நிலமும் எனக்குப் பாத்தியப்பட்ட கோயில் முறையும் பாவாயிக்கும், அவளை முன்னிட்டு மேற்படியானுக்கும் சேர வேண்டியது.

மேற்படியான்! மேலே சொன்ன ஆளாம்! உங்கள் படைத்தளபதியை அந்த மனுஷன் பத்திரம் முழுக்க மேற்படியான் மேற்படியான் என்றே எழுதியிருக்கிறார். பெயரை ஒரே ஒரு தடவைதான் சொல்கிறார். நம்மூட்ல இருக்கறவரு என்பதைவிட அது ஒன்றும் மரியாதையாக எனக்குப் படவில்லை. குதிரையும் அன்றைக்கு ஒரு சாயங்காலத்துக்குக் கேட்டு வாங்கிவந்ததாகத்தான் இருக்கும். இறக்கிவிட்டுக் குதிரை திரும்பிப் போய்விட்டது, மாப்பிள்ளை மட்டும் தங்கிவிட்டார். ஊர்க் கணக்கில் சுழி வராமல் வேறு என்ன வரும்? நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று விபூதியைத் தேடினாள்.

சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. உங்கள் மாப்பிள்ளை இதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்.

கொட்டகைக்குப் போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, எழுத்து நல்லாத்தான இருக்குது. எதுக்கு நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

குழாயை அடுத்த தொட்டிக்கு மாற்றினார். பிறகு சொன்னார். "மாமா அவரைத் தளபதின்னு சொல்லிச் சொல்லியே சந்தோசமா இருந்தாரு. அவரும் என்னையாட்ட ஊட்டோட மாப்பளைதான்னு தெரிஞ்சா மனசு தாங்க மாட்டாரு."

"அப்பாதான் போயாச்சேங்க."

"போனா என்ன?" என்றார். தண்ணீர் நிரம்பி வழிந்தது, குழாயை மூடப் போனார்.

அத்தனை கோழிக்கு நடுவில் நின்று அழுதேன், அப்பா. உங்கள்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது, அந்த நாற்றத்தில் தும்மலும் வந்தது. தன் தலையில் பரிவட்டம் ஏற வைக்கிற காகிதம் அது. அதை உங்களுக்காக மடித்து வைத்துவிட்டார். உங்களுக்காக!

ஒன்று கேட்கிறேன். அந்தப் பத்திரம் உங்கள் பெட்டிக்குள்தான் இருந்தது. நீங்கள் அதைப் படித்ததே இல்லையா? அல்லது படித்துவிட்டுத்தான் மைசூர்ப் படையை வரவழைத்தீர்களா? படித்திருந்தால் கிழித்துப் போட்டிருக்கலாமே, ஏன் சிவப்புத் துணியில் கட்டிவைத்தீர்கள்?

பங்காளிகள் மறுபடி கூடியபோது, நான் அந்த வரியை மட்டும் உரக்கப் படித்தேன். தளபதி இல்லை என்பதையும் நானே சொல்லிவிட்டேன். அத்தனை ஆம்பளைகளும், தாங்கள் எல்லாருமே ஒரு மகள் வழியாக அந்தக் கோயிலுக்கு வந்தவர்கள் என்பதை மெதுவாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நம் கோயிலில் இல்லாத பழக்கம் என்று சித்தப்பா சொன்னாரே, நம் குடும்பத்தில் முதல் பரிவட்டமே அந்தப் பழக்கத்தில்தான் கட்டியிருக்கிறது. அப்படியானால் நம் குலதெய்வம் எருமப்பட்டியில் அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு பையன் குழம்பிப்போய்க் கேட்டான்.

சித்தப்பா செருமினார். "இத்தன வருசம் சோறு போட்டது இந்தச் சாமி. இனிமே எருமப்பட்டியில போயி ஊடு ஊடா விசாரிச்சுட்டு இருக்க முடியுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவாயி வழின்னா பாவாயி வழி. மூத்த ஊட்டு முறை மூத்த ஊட்டுலயே இருக்கட்டும்" என்று முடித்தார். இவ்வளவு சீக்கிரம் இறங்கிவந்தது எனக்கே ஆச்சரியம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அவர் மகனுக்கு இருப்பது ஒரே ஒரு பெண் குழந்தை. அந்தக் குட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கே வந்திருந்தார். போகும்போது உங்கள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, வரப்பு விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றாராம். நீங்கள் உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்களாவது போய்க் கேட்டிருக்கக் கூடாதா?

சிலையை நிறுத்தவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் முன்னங்கால் இரண்டையும் தூக்கினால் குதிரை முகங்குப்புற விழும், அடியில் முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும் என்று சிலைக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரு சிங்கம் வைக்கட்டுமா என்றார். அம்மா கேட்ட கேள்வி நினைவு வந்தது. பாவாயியை வையுங்கள், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்றேன். இப்போது மொத்தப் பாரமும் அவள்மேல்தான். பீடத்தில் காளியண்ணன் மகள் பாவாயி, அவள் கணவர் நல்லண்ணன் என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். மேற்படியான் என்று போடவில்லை.

இன்னொரு சேதி. உங்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிவளைத்தேன். சிலைக்காரர் உருமாலை மட்டும் பார்த்துச் செய்யவில்லை. நல்லண்ணனுக்குப் படம் எதுவும் இல்லாததால், கையிலிருந்த முகத்தையே வைத்துவிட்டார். போய்ப் பார்த்தோம். மீசை உங்களுடையது, மிச்சமெல்லாம் உங்கள் மாப்பிள்ளை. வெடிச்சத்தத்துக்கு மிரண்ட அதே முழி, கல்லில் பார்க்கும்போது எதிரியைப் பார்த்து முழிப்பது போலத்தான் இருக்கிறது. அவர் கூச்சப்பட்டு, மாற்றிவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். நான் சம்மதிக்கவில்லை. இனி நம் சந்ததி முழுக்க நோம்பிக்கு நோம்பி அவரைத்தான் கும்பிட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். நீங்கள் கொடுத்த முன்பணம், நீங்கள் சொன்ன சிலை. என்னைத் திட்டாதீர்கள்.

தையில் கும்பாபிஷேகம். உங்களுக்கு என் வாக்கு இதுதான், அப்பா. பூசாரி பரிவட்டத் துணியோடு நின்று, மூத்த வீட்டு ஆள் யார் என்று வழக்கம்போலக் கேட்பார். உங்கள் குரல் எனக்கு உண்டு, மைக் வேண்டாம். அவர் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் மட்டும் உங்கள் வாயில் வந்த அந்த வார்த்தையை, அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பத்து ஊருக்கும் கேட்கிற மாதிரி நான் சொல்வேன். "இவரு எங்கப்பாவோட மாப்பளைங்க."

இப்படிக்கு,
பாவாயி வகையறாவில் பிறந்த,
உங்கள் ஒற்றை மகள்
மல்லிகா